பூவை விற்றவர்களே, பதில் கூறுங்கள்!

வடநாட்டில் குளிர் விலகி வசந்தம் புகுவதற்கு ஒரு நிதானம் உண்டு. தை முழுவதும் பனி மூடியிருக்கும். மாசியில் அது மெல்ல மெல்ல விலகும். கோதுமைக் கதிர் பால் பிடிக்கும். மாமரம் பூங்கொத்துகளை நீட்டும். பங்குனியின் தொடக்கத்திலும் காற்றில் சிறிது குளிர்ச்சி எஞ்சியிருக்கும். அந்தக் குளிர்ச்சியிலேதான் கதிர் முற்றும்; பூ பிஞ்சாகும். இந்த நிதானத்தை நம்பியே கங்கைச் சமவெளியின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கின்றனர்.

அந்த நிதானம் இன்று குலைந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைப் போல் வெப்பமான மார்ச், முறையான கணக்கு உள்ள 1901 முதல் அன்றுவரை இந்தியாவில் வந்ததே இல்லை. நாடு முழுவதற்குமான பகல் உச்ச வெப்பத்தின் சராசரி 33.10 பாகை செல்சியஸை எட்டிற்று. அம்மாதம் பெய்ய வேண்டிய மழை 30.4 மில்லிமீட்டர், பெய்ததோ 8.9 மில்லிமீட்டர். அடுத்த ஆண்டே, 2023 பிப்ரவரி, பகல் வெப்பத்தில் அதற்கு முந்தைய பிப்ரவரிகள் அனைத்தையும் விஞ்சியது. 2025 பிப்ரவரியோ, இரவையும் பகலையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியில் 1901க்குப் பின் வந்த பிப்ரவரிகளில் முதலிடம் பெற்றது. நான்கே ஆண்டுகளில் மும்முறை வசந்தம் தன் முறை தவறிற்று.

மார்க்கமும் இலக்கியமும் பேசும் இதழில் வெயிலுக்கும் பூச்சிக்கும் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வேலை உண்டு. வெயில் இறைவனின் ஆட்சிக்கு உட்பட்டது; பூச்சி அவனுடைய படைப்பு. ஆனால் அவ்விரண்டும் விளைத்த நட்டத்தை எவர் தலையில் சுமத்துவது என்று தீர்மானிப்பவர் நாம். அந்தத் தீர்மானத்தில் நம் சமுதாயம் நெடுங்காலமாக ஓர் அநீதியைச் செய்து வருகிறது. அநீதி என்று அறியாமலே செய்து வருகிறது என்பது அதனினும் கொடுமை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முந்திய வெயிலும் முந்திய பூச்சியும்

பூச்சியின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள காற்றின் சூடே அதன் சூடு. குளிர் நீடித்தால் முட்டை பொரிய நாளாகும். புழு வளர நாளாகும். வெப்பம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிச் சேரச் சேர அதன் வளர்ச்சி விரைவுபடும். ஆகவே, வசந்தம் முந்திச் சூடேறினால் பூச்சியும் முந்திப் பிறக்கிறது. பருவம் முடிவதற்குள் மேலும் ஒரு தலைமுறை பெருகவும் வழி ஏற்படுகிறது. பூச்சியைத் தின்று வாழும் பொறிவண்டும், அதன் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவியும் எப்போதும் அதே வேகத்தில் விரைந்து வருவதில்லை. திருடன் முந்திக்கொண்டு காவலன் பிந்தினால் வீட்டின் கதி என்னவாகும்?

வெப்பம் ஒரு பாகை கூடுந்தோறும், நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய மூன்றிலும் பூச்சியால் நேரும் இழப்பு நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை மிகும் என்று 2018ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்று கணித்தது. கோதுமைக்கு நேர்ந்ததை நாடறியும். 2022 மார்ச்சின் வெயிலில் மணி முற்றாமலே சுருங்கிற்று. அரசு தன் விளைச்சல் மதிப்பீட்டைக் குறைத்தது. மே 13ஆம் நாள் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. கோதுமையின் துயரம் செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் வந்தது. மாந்தோப்புகளின் துயரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நாம் பேச விழைவது அதைப் பற்றியே.

லக்னோவை அடுத்த மலிஹாபாத்தை அறியாதவர் மாம்பழத்தை முழுதும் அறியாதவர். தசேரி என்னும் கனி, அப்பகுதியில் காக்கோரிக்கு அருகேயுள்ள சிற்றூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அங்கே தோப்பு வைத்திருப்போரிலும் தோப்பில் உழைப்போரிலும் நம் சகோதரர் பலர் உளர். ஒரே மரத்தில் முந்நூறு வகை மாவை ஒட்டுக்கட்டிக் காட்டி, 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஹாஜி கலீமுல்லாஹ் கான் அவர்கள் அந்த ஊரினரே.

மாம்பூ மிக மென்மையானது. அதன் மகரந்தம் சேர்வதற்கு ஈக்களும் சிறு பூச்சிகளும் வேண்டும். வாட்டாத வெயிலும் வேண்டும். பூங்கொத்து வெளிவரும் காலத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது தத்துப்பூச்சி. அது பூவின் சாற்றை உறிஞ்சும்; தேன் போன்ற பிசுபிசுப்பான கழிவை இலைமீது சொரியும்; அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலையே கரி பூசியதுபோல் ஆகும். வெயிலும் வறட்சியும் கூடினால் இலைப்பேன் பெருகிப் பூவையும் பிஞ்சையும் சுரண்டும். மாவுப்பூச்சியின் குஞ்சுகளோ மண்ணிலிருந்து அடிமரம் வழியாக ஏறி வரும். இவற்றோடு 2022 மார்ச்சைப் போன்ற அனலும் சேர்ந்தால், பூ வாடும், பிஞ்சு உதிரும். அவ்வாண்டு தசேரியின் விளைச்சல் பெரிதும் சரிந்தது.

யார் தலையில் விழுந்தது?

பெருநிலக்காரருக்கு ஒரு தோப்பு பொய்த்தால் மறு தோப்பு உண்டு. மாங்காய் பொய்த்தால் கரும்பு உண்டு. கரும்பும் பொய்த்தால் நகரத்தில் வாடகை வரும் வீடு உண்டு. சிறு விவசாயிக்கு இவற்றில் எதுவும் இல்லை. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் நிலவுடைமைகளில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்கும் குறைந்தவை. இந்த 86 பேரிடமும் சேர்ந்து இருப்பது மொத்த நிலத்தில் பாதிகூட இல்லை. இவர்களுக்கும் கீழே, சொந்த நிலமே இல்லாமல் பிறர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து உழைப்பவர் இருக்கின்றனர். பயிர்க் காப்பீடு என்றாலும், வங்கிக் கடன் என்றாலும், காகிதம் நிலத்துக்கு உரியவர் பெயரில் இருக்கிறது. வியர்வை மட்டுமே குத்தகைதாரர் பெயரில் இருக்கிறது.

அங்கே நடைபெறும் வாணிபத்தைச் சற்று உற்று நோக்குவோம். தோப்புக்கு உரியவர் பலர் தாமே காய் பறித்து விற்பதில்லை. மரம் பூத்து நிற்கும்போதே, சில இடங்களில் பூப்பதற்கு முன்பே, மகசூலை விலை பேசிக் கைமாற்றிவிடுகின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகளின் மகசூலைச் சேர்த்தே விற்பதும் உண்டு. வாங்குகிறவர் பெரும்பாலும் மண்டித் தரகரிடம் முன்பணம் பெற்று வாங்குகிறார். பூ காயானால் மூவருக்கும் மகிழ்ச்சி. பூ கருகினாலோ? தோப்புக்காரர் தம் பணத்தைப் பெற்றுவிட்டார். தரகர் தம் கடனைப் பிடித்துக்கொள்வார். நடுவே நிற்கும் ஏழையின் கழுத்தில்தான் சுருக்கு இறுகும்.

சில வேளை இது தலைகீழாகவும் நிகழும். பணத்தட்டுப்பாட்டில் உள்ள சிறு தோப்புக்காரர், பூ நிற்கும் மரத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவார். காய் குலுங்கினால் இலாபம் முழுவதும் வாங்கியவருக்கே. ஆக, எப்பக்கம் வெயில் அடித்தாலும் நிழல் வலியவனுக்கே கிடைக்குமாறு அமைந்த வாணிபம் இது.

நபிமொழி அறிந்திருந்த நோய்கள்

இந்த வாணிபம் புதியதன்று. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மதீனாவின் பேரீச்சந் தோப்புகளில் இதுவே நடந்தது. ஸஹீஹுல் புகாரியில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தியை ஓதியவர் அறிவர். மக்கள் கனிகளை முன்கூட்டியே விற்று வந்தனர். பறிக்கும் காலம் வந்து, விற்றவர் பணம் கேட்டு நிற்கும்போது, வாங்கியவர் நோய் தாக்கியதென்று முறையிடுவார். அந்த நோய்களின் பெயர்களையும் ஸைத் (ரலி) அவர்கள் தெரிவிக்கின்றார்கள்: துமான், முராள், குஷாம். துமான் என்பது பாளை கருகி அழுகுவது. முராள் என்பது கனியைப் பற்றும் பிணி. குஷாம் என்பது முற்றுமுன் பிஞ்சு உதிர்வது. மலிஹாபாத்தின் தோப்புக்காரரை அழைத்துக் கேட்டால், அவரும் பெயரை மாற்றி இவற்றையே கூறுவார்!

வழக்குகள் மலிந்தன. அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள், கனி பயன்படும் நிலையை அடைந்தது வெளிப்படும்வரை விற்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். இது வெறும் ஆலோசனைதானே என்று எவரும் தட்டிக்கழிக்க இயலாது. இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இதனைத் தெளிவான தடையாகவே கூறுகிறது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரையுமே தடுக்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அதன் காரணத்தையும் விளக்குகிறது: இறைவன் கனியைத் தராமல் தடுத்துவிட்டால், சகோதரனின் பொருளை எந்த நியாயத்தின் பேரில் எடுத்துக்கொள்வது என்பதே நபிகளாரின் வினா. பல ஆண்டு மகசூலை ஒருசேர விற்பதும் தடுக்கப்பட்டதே என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியே அறிகிறோம்.

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸைத் (ரலி) அவர்கள் தம் தோப்பின் கனிகளை, ஸுரையா என்னும் மீன்கூட்டம் தோன்றி, மஞ்சள் கனியும் சிவப்புக் கனியும் பிரித்தறியப்படும்வரை விற்கமாட்டார்கள். ஸுரையா என்பது நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் அழைப்பதே. ஹிஜாஸில் கோடை தொடங்கும் காலத்தில் அது விடியலில் தோன்றும். விண்மீன் இன்றும் தன் நாளில் தோன்றுகிறது. ஆனால் வெப்பம் தன் நாளில் வருவதில்லை. இனி நாளையும் கோளையும் நம்பி எவரும் விளைச்சலைக் கணிக்க இயலாது. ஷரீஅத்தோ விற்பனையை நாட்காட்டியோடு மட்டும் பிணைக்கவில்லை. கனியின் நிறத்தோடு பிணைத்தது. பருவம் பொய்த்தாலும் பொய்க்காத அளவுகோல் அது. பருவம் ஒழுங்காக இருந்த நாளிலேயே இந்தச் சட்டம் தேவைப்பட்டதென்றால், பருவம் குலைந்த இந்நாளில் எத்துணைத் தேவை!

பூ விற்பனையே பூச்சியை வளர்க்கிறது

இந்தத் தடையில் பொருளாதார நீதி மட்டும்தான் உள்ளது என்று எண்ணிவிட வேண்டாம். தோப்பின் நலமும் இதில் அடங்கியுள்ளது.

பூவிலேயே தோப்பை எடுத்தவர் ஒரு பருவத்துக்கு மட்டுமே அங்கு இருப்பவர். மரம் அவருடையதன்று, மண் அவருடையதன்று. செலுத்திய தொகை மட்டுமே அவருடையது. அதனைக் காய்ப்பதற்குள் காப்பாற்றியாக வேண்டும். வெயில் முந்தி வந்து, பூங்கொத்தில் பத்துப் பூச்சி தென்பட்டதும் அவர் நடுங்குகிறார், மருந்துக்கடைக்கு ஓடுகிறார், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து அடிக்கிறார். அடங்கவில்லையென்றால் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கிறார். மருந்தடிக்கும் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது என்பது மாம்பழ வட்டாரத்தார் பலரின் முறையீடு.

விளைவு என்ன? பூ விரிந்திருக்கும்போது அடித்த மருந்து, மகரந்தம் சேர்க்கும் ஈயையும் தேனீயையும் கொல்கிறது. பொறிவண்டையும் குளவியையும் கொல்கிறது. தப்பிப் பிழைத்த தத்துப்பூச்சியின் வழித்தோன்றல்களோ அதே மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மறு ஆண்டு வெயில் மீண்டும் முந்தினால், எதிர்க்கப் படையில்லாத நாட்டில் பகைவன் புகுந்தாற்போல் ஆகிறது. மருந்தடிக்கும் கூலியாளின் நுரையீரலுக்கும், அக்கனியை உண்ணும் நம் குழந்தைக்கும் நேர்வதைத் தனியே கூற வேண்டியதில்லை.

குத்தகைதாரரைக் குறை கூறி இதைக் கடந்துவிட முடியாது. நட்டம் முழுவதையும் ஒருவர் தலையில் கட்டி, ஒரே பருவத்தைக் கையில் கொடுத்தால், எவரும் அப்படித்தான் செய்வார். மரத்தோடு நெடுநாள் உறவும், விளைச்சலில் பங்கும் உடையவர்தான், அடுத்த ஆண்டையும் எண்ணிப் பார்த்து, அடிமரத்தில் தகடு சுற்றி மாவுப்பூச்சியைத் தடுப்பது போன்ற பொறுமையான வேலைகளைச் செய்வார். வெயில் பூச்சியைப் பிறப்பிக்கிறது. பூ விற்பனை அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறது.

நம் பள்ளிவாசல் தோப்புகள்

வடநாட்டாரைக் குறைகூறுவதற்காக இத்தனையும் எழுதவில்லை. நம் ஊர்களுக்கு வருவோம். நம் முன்னோர் பள்ளிவாசல்களுக்கென வக்ஃபு செய்த தென்னந்தோப்பும் மாந்தோப்பும் புளியந்தோப்பும் தமிழகமெங்கும் உள்ளன. அவற்றின் மகசூலை எவ்வாறு விற்கிறோம்? ஜும்ஆவுக்குப் பின் அறிவித்து, ஏலம் கூறுகிறோம். ஓர் ஆண்டுக்கு அல்லது மூன்றாண்டுக்கு. காய் வருமோ வராதோ, தொகை வந்துவிட வேண்டும். மலிஹாபாத்தில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, பின்னர் தென்னை வளரும் மாவட்டங்கள் பலவற்றில் பரவியது. மழையில் தணிந்து, வெப்பமான வறண்ட மாதங்களில் பெருகுவது அதன் இயல்பு. அதனை அடக்க வல்ல என்கார்சியா என்னும் சிறு குளவியைக் காக்க, கடும் பூச்சிமருந்தைத் தவிர்த்து மஞ்சள் ஒட்டும் பொறியைப் பயன்படுத்துமாறு வேளாண் அறிஞர் அறிவுறுத்தினர். அவ்வாறு பொறுமையாகக் காத்திருக்க ஏலம் எடுத்தவரால் இயலுமா?

நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. ஓர் ஊரில், பள்ளிவாசல் தோப்பை ஏலம் எடுத்தவர் மாற்று மதத்தைச் சேர்ந்த ஒரு முதியவர். அவ்வாண்டு கோடை முந்தியது. தென்னை ஓலைகள் வெள்ளை ஈயால் வெளுத்துப் பின் கறுத்தன. மாமரத்தில் பூவெல்லாம் காய்ந்து சருகாயிற்று. பாதித் தொகை செலுத்தியிருந்த அவர், மீதியைத் தள்ளுபடி செய்யுமாறு நிர்வாகக் கூட்டத்தில் வந்து கைகட்டி நின்றார். “பாய், பூச்சி தின்றதற்கு நான் என்ன செய்வேன்?” என்றார். “ஏலம் எடுத்தது எடுத்ததுதான், பெரியவரே! அல்லாஹ்வின் நாட்டம் அப்படி” என்று பதில் வந்தது. அவர் மறுவாரம் கறவை மாட்டை விற்று, எண்ணி வைத்துவிட்டுப் போனார். பள்ளிவாசல் பணத்தில் குறை வைக்கக் கூடாது என்று அவருக்கு அச்சம். அந்த அச்சம் நமக்கு இல்லாமற் போயிற்று.

அந்தக் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். அன்று காலைதான் மாணவர்களுக்குக் கனி விற்பனை பற்றிய பாடத்தை ஓதிக் கொடுத்திருந்தோம். ஆனால் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. பாடம் கிதாபில் இருந்தது. தோப்பு சன்னலுக்கு வெளியே இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வரவில்லை. இக்கட்டுரையின் கண்டனத்தில் முதற்பங்கு நமக்கே உரியது.

கூறப்படும் சாக்குகள்

இனி, இதற்கு மறுப்பாகக் கூறப்படுபவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, இது இறைவனின் விதி என்பது. ஆம், பூ கருகியது விதி. ஆனால் கருகிய பூவுக்குப் பணம் வாங்கியது நம் கை செய்த செயல். இறைவன் எடுத்துக்கொண்டது கனியை. மனிதனின் மாட்டை எடுத்துக்கொண்டது நாம். தவிரவும், 2022இன் வெப்ப அலையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர், மனிதர் காற்றில் கலந்த வாயுக்களால் அத்தகைய வெப்பம் நேரும் வாய்ப்பு முப்பது மடங்கு பெருகியதாகக் கூறினர். கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டில் மனிதரின் செயலுக்குள்ள பங்கைத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் உணர்த்துகிறது. நம் குற்றத்தையும் விதியின் கணக்கில் எழுதிவிடுவது பக்தியன்று, தந்திரம்.

இரண்டாவது, நம் மத்ஹபில் தள்ளுபடி கடமையில்லை என்பது. ஓதியவர் கூறும் வாதம் இது. ஆகவே மதித்துப் பதில் கூற வேண்டும். விற்ற கனியை ஜாயிஹா என்னும் பேரிடர் அழித்துவிட்டால், விலையில் அந்த அளவுக்குத் தள்ள வேண்டும் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அதனைக் கடமையென்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டும் இழப்புக்குத் தள்ளுபடி கடமையென்றார்கள். நம்மவர் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கருத்திலும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்திலும் அது கட்டாயமன்று, விரும்பத்தக்கது. உண்மைதான்.

ஆனால் அந்தக் கருத்து எந்த விற்பனைக்கு? முறையாக நிகழ்ந்த விற்பனைக்கு! பக்குவம் வெளிப்படாத கனியை, உடனே பறித்துவிடுவது என்ற நிபந்தனையின்றி விற்றால், ஷாஃபிஈ மத்ஹபில் அந்த விற்பனையே செல்லாது. இன்னும் தோன்றாத கனியை விற்பது ஹனஃபி மத்ஹபிலும் செல்லாது. ஒரு பகுதி காய்த்து மறு பகுதி வரவிருக்கும் நிலையில், மக்கள் வழக்கத்தை முன்னிட்டுப் பிற்கால ஹனஃபி அறிஞர் சிலர் இளக்கம் காட்டியதுண்டு. காய்க்காத மூன்றாண்டுக்கு அது எவ்வாறு பொருந்தும்? மத்ஹபின் முன்பாதியை மறைத்துவிட்டுப் பின்பாதியை மட்டும் ஓதுவது எந்த மத்ஹபு?

இன்னுமொன்று. தள்ளுபடி கட்டாயமில்லை என்போர் காட்டும் சான்று, ஸஹீஹ் முஸ்லிமில் அபூஸஈத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி. கனி வாங்கி நட்டமடைந்து கடனில் மூழ்கிய ஒருவருக்குத் தருமம் செய்யுமாறு நபியவர்கள் மக்களைப் பணித்தார்கள். திரண்டது கடனுக்குப் போதவில்லை. கடன் கொடுத்தவர்களிடம், கிடைத்ததைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். ஆக, தள்ளுபடிக்கு எதிராகக் காட்டப்படும் சான்றிலும், ஊர் கூடி அவரைத் தாங்கியது. கடன்காரர் கை நிறுத்தப்பட்டது. நம் கூட்டத்தில் இவ்விரண்டில் எது நடந்தது?

மூன்றாவது, வக்ஃபுச் சொத்தைத் தள்ளுபடி செய்ய முத்தவல்லிக்கு உரிமை இல்லை என்பது. வலிமையான வாதம் இதுவே. வக்ஃபுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லைதான். ஆனால், செல்லாத விற்பனையால் வந்தது வக்ஃபுக்குச் சேர வேண்டியதாக எவ்வாறு ஆகும்? அல்லாஹ்வின் இல்லத்துக்கு விளக்கேற்றவும் விரிப்பு விரிக்கவும் அந்தப் பணத்தையா செலவிடுவது? இறைவன் தூயவன், தூயதையே ஏற்பவன் என்பதை அறியாதவரா நாம்?

நான்காவது, முன்கூட்டி விற்காவிட்டால் வருமானம் குறையும் என்பது. குறையட்டும். காய் கண்ட பின் விற்றால், கண்டதற்கு ஏற்ற விலை வரும். அதுவே நியாயமான வருமானம்.

வழி அடைக்கப்படவில்லை

ஷரீஅத் ஒரு வாயிலை அடைத்தால் மற்றொரு வாயிலைத் திறந்தே வைக்கிறது. கைபரின் நிலங்களையும் பேரீச்ச மரங்களையும் அவ்வூர் யூதர்களிடமே ஒப்படைத்து, விளைவதில் பாதி என்று நபிகளார் (ஸல்) அவர்கள் உடன்படிக்கை செய்தார்கள். முஸாக்காத் எனப்படும் இந்தப் பங்கு முறையை, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்காவிடினும், அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) ஏற்றனர். ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பும் அவ்வாறே அமைந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் எந்தெந்த மரங்களுக்கு அது பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முந்திய கருத்து எல்லாக் கனி மரங்களுக்கும் இடமளிக்கிறது. ஆலிம்கள் கூடி முடிவு செய்யட்டும். முடிவு செய்யாமல் ஏலம் மட்டும் தொடர்வதையே நாம் கண்டிக்கிறோம்.

பங்கு முறையில் வெயில் முந்தினால் இருவருக்கும் குறையும். பருவம் வாய்த்தால் இருவருக்கும் பெருகும். உழைப்பவர் மரத்தைத் தம்முடையதாகக் கருதிக் காப்பார். மருந்தைக் கண்டபடி கொட்டமாட்டார். பள்ளிவாசலின் பெயரைக் கேட்டு எவரும் மாட்டை விற்க நேராது.

ஆகவே, நம் ஜமாஅத்துகளைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஏலம் கூறுமுன் ஒரு நாள் நின்று, தோப்பில் காய் உள்ளதா என்று மரத்தை அண்ணாந்து பாருங்கள். இல்லையென்றால் ஏலத்தை நிறுத்துங்கள். பூச்சியாலும் வெயிலாலும் பொய்த்த ஆண்டுக்கென எவரிடமேனும் முழுத்தொகை பெற்றிருந்தால், கணக்கேட்டைப் புரட்டி, உரியவரைத் தேடிச் சென்று திருப்பிக் கொடுங்கள். சொந்தத் தோப்பு வைத்திருக்கும் செல்வர்களே, உங்களுக்கும் இதுவே. மிம்பரில் ஏறும் ஆலிம்களே, ஜும்ஆவின் அரைமணியில் ஒரு முறையேனும் துமானையும் குஷாமையும் எடுத்துக் கூறுங்கள். அவை கிதாபில் மட்டும் உள்ள நோய்கள் அல்ல. நம் ஊர் மரத்தில் உள்ளவை.

வசந்தம் இனியும் முறை தவறும். பூச்சி இனியும் முந்திப் பிறக்கும். அவற்றை நிறுத்த ஒரு தலைமுறை உழைத்தாலும் போதாது. ஆனால் கருகிய பூவுக்குப் பணம் கேட்பதை இந்த வாரமே நிறுத்தலாம். சகோதரனின் பொருளை எந்த நியாயத்தின் பேரில் எடுத்தாய் என்று நாளை மஹ்ஷரில் வினவப்படும்போது, ஏலச்சீட்டைக் காட்டித் தப்ப இயலாது.

உண்மையை உணரும் உள்ளத்தையும், உணர்ந்ததை உரிய அவையில் எடுத்துரைக்கும் துணிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.